லெட்வித் வயல்

கார் வந்து நின்றபோது என் கணவன் மல்லாக்கி கன்றுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். இறங்கியவளுக்கு அறுபது வயதிருக்கும். அர்ஜென்டினாவிலிருந்து வருவதாகச் சொன்னாள். பெயர் மார்செலா லெட்வித். அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டதும் மல்லாக்கியின் கை ஒரு கணம் நின்றது.

"எங்கப்பாவோட கொள்ளுத்தாத்தா இந்த ஊர்லேருந்துதான் கப்பலேறினாரு. பஞ்ச காலத்துல. வீடு இருந்த எடம் தெரிஞ்சா போதும்."

ஒருநாள்கூட இங்கே வாழாதவள். ஆனால் அவள் பேச்சு, செத்துப்போன என் மாமனாரின் பேச்சு போலவே இருந்தது. நாங்கள் மறந்துவிட்ட சொற்களை அவர்கள் நான்கு தலைமுறையாகக் கடலுக்கு அப்பால் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

"லெட்வித் பேர்ல ஏதாவது வயல் இருக்கா இங்க?"

"கேள்விப்பட்டதில்லையேம்மா" என்றான் மல்லாக்கி.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டு நிலத்தை வெஸ்ட்மீத் மாவட்டம் முழுக்க லெட்வித் வயல் என்றுதான் சொல்லும். பஞ்சத்தில் குத்தகை கட்ட முடியாத லெட்வித் குடும்பத்தை வெளியேற்ற அதிகாரி வந்த அன்று, கூரையை இடிக்கக் கடப்பாரையோடு கூடப் போனது மல்லாக்கியின் கொள்ளுத்தாத்தா. உள்ளே பிரசவமாகி மூன்று நாளான பெண் இருந்தாளாம். மறுவாரமே நிலம் எங்கள் டார்மி குடும்பத்தின் கைக்கு வந்தது. ஊரில் யாரும் இதை எங்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. குடித்துவிட்டுச் சண்டை போடும்போது மட்டும் சொல்வார்கள்.

அவளை உட்காரவைத்துத் தேநீரும் சோடா ரொட்டியும் கொடுத்தேன். மடியில் ஒரு தகர டப்பாவை வைத்திருந்தாள்.

"அப்பா" என்றாள். "சாம்பலை நம்ம பழைய வீட்டு அடுப்படியில போட்டுடுன்னு சொல்லிட்டுப் போனாரு."

மல்லாக்கி என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தான். "இப்பத்தான் ஞாபகம் வருது. வாங்க, காட்டறேன்."

அவன் காட்டப்போகும் இடம் எது என்று அவன் நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் வேலிக் கதவின் சாவியைத் தேடி உள்ளே போயிருந்தபோது நானும் அவளும் முற்றத்தில் தனியாக நின்றோம். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"ஒரே பையன். டெக்லன். கடல் தாண்டி பெர்த்ல இருக்கான். பதினோரு வருஷமாச்சு."

"கவலைப்படாதீங்க" என்று என் கையைப் பிடித்தாள். "ரத்தம் இழுக்கும். எங்களையே இழுத்திருக்கே, நூத்தி எழுபது வருஷம் கழிச்சு."

டெக்லன் என் அறுவைச் சிகிச்சைக்கு வரவில்லை. தன் தங்கையின் அடக்கத்துக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போன் செய்கிறான், அதுவும் பாதியில் அறுந்துவிடுகிறது. யாரோ ஒரு தாத்தாவுக்காக இவள் உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மல்லாக்கி அவளைக் கூட்டிக்கொண்டு போனது மேட்டு நிலத்துக்கு அல்ல, எங்கள் பழைய பன்றிக் கொட்டிலுக்கு. கூரை போய், நான்கு கல் சுவர்களும் முட்செடியும் மிச்சம். மூலையில் தீவனத் தொட்டி வைத்திருந்த பள்ளத்தைக் காட்டினான்.

"இதாம்மா அடுப்படி. எங்க தாத்தா சொல்லுவாரு."

அவள் மண்டியிட்டாள். பள்ளத்தின் ஓரத்துக் கல்லை முத்தமிட்டாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மல்லாக்கி திருப்பவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து செபம்கூடச் சொன்னான்.

சாம்பலைக் கொட்டியதும் அவள் அழுதாள். "அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு" என்றாள். எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தாள். ஒரு கல்லைக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக் கல்லு. என்னைக் கேக்கணுமா?" என்றான் மல்லாக்கி.

கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா என்ன?" என்று மெல்லக் கேட்டேன்.

"நீ சொல்லவேண்டியதுதானே? உன்கூடத்தானே நின்னுட்டிருந்தா" என்றான் மல்லாக்கி. "நாளைக்கு ஒரு பெயர்ப்பலகையோட வருவாளுங்க. இன்ன குடும்பம் இங்க வாழ்ந்துச்சு, இன்னார் வெரட்டினார்னு. நம்ம வேலியில."

கன்றுகள் ஊசி வலியில் கத்திக்கொண்டிருந்தன. அவற்றை அடைத்துவைக்க வேறு இடமில்லை. கொட்டிலின் படலைத் திறந்துவிட்டான். முண்டியடித்து உள்ளே ஓடின. செவலைக் கன்று ஒன்று மூலைக்குப் போய்க் குனிந்து அந்தச் சாம்பலை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி, நிதானமாக நக்கத் தொடங்கியது. இன்னொன்று அதை இடித்துக்கொண்டு தலையை நுழைத்தது.

கார் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. கண்ணாடியை இறக்கி அவள் கையசைத்துக்கொண்டே போனாள். நானும் கையை உயர்த்தினேன்.