குனிந்து சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

"கதவ சாத்திட்டு ஊட்டுன்னு எத்தினி வாட்டி—"

"சாத்திச் சாத்தித்தான் அண்ணி புள்ள இப்பிடி—"

"—நாலு பேர் கண்ணு பட்டா தாங்குமா அது?"

"—செவுத்தப் பாத்துகினு எந்தப் புள்ள வாயத் தொறக்கும்?"

கதவுக்குப் பின்னால் மூலையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் இரண்டரை வயது பாரதி. வாய் இறுக்கி மூடியிருந்தது. அவள் அம்மா ரம்யாவின் கையில் பருப்புச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நிலைப்படியில் நின்றவள் பெரியநாயகி, ரம்யாவின் கணவனுக்கு அக்கா. தம்பி வீட்டோடு இருப்பவள்.

இந்தக் கதவு சாத்துகிற வழக்கம் பாரதிக்குக் காது குத்தியதிலிருந்து வந்தது. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள் குழந்தை. எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்த ஒருத்தி, இம்மாத்தூண்டு வயித்துல இவ்ளோ சோறு எங்கதான் போவுதோ என்றாள். மறுநாள் காய்ச்சல். காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, தீனி மட்டும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து மற்றவர்கள் சாப்பிடுவதற்கு முன்பே, தனியாக, சுவரைப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும் என்று பெரியநாயகி சொல்லிவிட்டாள். நான்கு மாதம் ஆகிறது.

ரம்யாவும் செய்து பார்க்காதது இல்லை. கேழ்வரகுக் கூழில் வெல்லம், கேரட் துருவிப் போட்ட இட்லி, போனில் பார்த்து முயல் மாதிரி ஒரு தோசை. பாரதி முயலின் காதை மட்டும் கடித்துத் துப்பினாள். அத மொயலுக்கே போட்டிருந்தா தின்னுருக்கும் என்று பெரியநாயகி சொன்னதை ரம்யா இன்னும் மறக்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால் சண்டை இதோடு அடங்கியிருக்கும். ஆனால் நாளை திங்கட்கிழமை. சங்கராபுரத்தில் ஒரு விதைக் கடையில் பில் போடுகிற வேலைக்கு ரம்யா சேர வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள எனக்கொன்றும் கஷ்டமில்லை, அதைப் பட்டினி போட்ட பேர்தான் எனக்கு வேண்டாம், தின்றால் நீ போ, தின்னாவிட்டால் வீட்டிலேயே இரு என்று பெரியநாயகி கறாராகச் சொல்லியிருந்தாள்.

ரம்யா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். குரலைத் தணித்தாள்.

"கண்ணுதான அண்ணி படக்கூடாது?"

"ஆமா."

"அப்ப யாரும் பாக்காம சாப்புடலாம். எல்லாரும் ஒண்ணா."

பெரியநாயகி கூடத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

கூடத்தில் மூன்று தட்டு வைத்தாள் ரம்யா. அவள் கணவன் பிரவீன்குமார் முந்தாநாள் வெள்ளிமலைக்கு லோடு போனபோது வாங்கி வந்த சாமையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு. பாரதிக்குத் தட்டே இல்லை. யாரும் நிமிரக் கூடாது, சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றாள். பரீட்ச எழுதற மாதிரி இருக்குதே என்று முணுமுணுத்துக்கொண்டே பிரவீன்குமார் தலையைக் குனிந்தான்.

மூன்று பேரும் அவரவர் தட்டையே பார்த்துத் தின்றார்கள். கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம்தான். பிறகு மூலையிலிருந்து கொலுசு கிளம்பியது. ரம்யாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. நகர்ந்தது. பிரவீன்குமார் தட்டில் ஒரு கிழங்குத் துண்டு காணாமல் போனது. சிரிப்பு வந்து அவன் தலையைத் தூக்கப் போக, அக்கா இடது கையால் தொடையில் ஒன்று வைத்தாள்.

"குனிடா."

கொலுசு இப்போது பெரியநாயகியிடமே வந்தது. அவள் தட்டுக்குள் ஒரு சின்னக் கை இறங்கி, குழம்பு ஊறிய சோற்றை அள்ளிப் போனது. காரம், அழப் போகிறது என்று ரம்யா தன் தண்ணீர்ச் சொம்பை அந்தப் பக்கம் தள்ளினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஒரு மடக்குத் தண்ணீர். மறுபடியும் அதே கை. மூன்றாம் தடவை அது, பெரியநாயகி முள் எடுத்து ஓரமாக வைத்திருந்த கருவாட்டையே தூக்கிக்கொண்டது.

"இன்னும்," என்றாள் பாரதி.

ரம்யாவுக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. எழவில்லை, தட்டைப் பார்த்தே சிரித்தாள். கண்ணெடுக்காமல் சோற்றுச் சட்டியைத் தள்ளிவிட்டாள். பெரியநாயகி குனிந்தபடியே குத்துமதிப்பாகத் தட்டோரத்தில் ஒரு கரண்டி போட்டாள். பாதி தரையில் விழுந்தது. அதையும் பருக்கை பருக்கையாகப் பொறுக்கித் தின்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஏப்பம், பெரிய ஆள் விடுகிற மாதிரி.

பெரியநாயகி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நாளைக்கி எத்தினி மணிக்கி உனக்கு பஸ்ஸு?"