லைசென்ஸ் இல்லாத டிவி

அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊருக்கு வந்து, 1983-இல் தேவநேசன் வாங்கிய முதல் பெரிய சாமான் அந்த டிவி. வாங்கிய அன்றே அதன் ஆன்டெனாவைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டான்.

"கேசட் மட்டுந்தான் பாக்கணும் செல்வி. ஒளிபரப்பு பாத்தா லைசென்ஸ் வேணும். பாக்கலன்னா வேண்டாம்."

பாளையங்கோட்டையில் ரேடியோவுக்கே வருஷா வருஷம் தபாலாபீஸில் லைசென்ஸ் புதுப்பித்த குடும்பம் அவனுடையது. கிரீன் கார்டு வேறு இன்னும் கைக்கு வரவில்லை.

"யார்ட்டயாவது கேளுங்களேன் அத்தான்" என்றாள் மனைவி ஜெயசெல்வி.

"கேட்டா நம்ம வீட்ல டிவி இருக்குன்னு தெரிஞ்சிரும்லா?"

பெரிய அறிவாளி!

ஜெயசெல்வியும் மனுஷிதானே? அவன் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டால் பேச்சுத் துணைக்கு ஈ காக்கா கிடையாது. இரண்டு மாதமாக, சட்டை மாட்டும் கம்பி ஒன்றை டிவிக்குப் பின்னால் செருகி, மத்தியானத் தொடர்களைப் பார்த்து வந்தாள். ஐந்து மணிக்குள் அந்தக் கம்பியில் அவன் சட்டை பழையபடி தொங்கும்.

வியாழக்கிழமை கிரீன் கார்டு இன்டர்வியூ. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. டை கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், கையில் அட்டையும் பேனாவுமாக நின்றார். "உங்கள் வீட்டில் டிவி இருக்கிறதா? என்னென்ன பார்ப்பீர்கள்?"

தேவநேசனுக்கு முகம் வெளிறிவிட்டது. "இருக்கு சார். ஆனால் ஒளிபரப்பு பார்ப்பதே இல்லை. பைபிள் மேல் சத்தியம் செய்கிறேன்" என்று ஆங்கிலத்தில் படபடத்தவன், நிஜமாகவே பைபிளை எடுக்க உள்ளே ஓடினான்.

ஜெயசெல்வி வாசலுக்கு ஓடி வந்தாள். தன்னால் இந்த அப்பாவி மனுஷன் பொய்ச் சத்தியம் பண்ணப் போகிறானே!

"ஐயோ, தொடாதீங்க அத்தான்!" என்று கத்திவிட்டு, வந்தவரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினாள். "அவருக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் பார்த்தேன். தினமும் பார்த்தேன். என் பெயரை மட்டும் எழுதுங்கள். அவர் கிரீன் கார்டைக் கெடுத்துவிடாதீர்கள்."

வந்தவர் முகம் மலர்ந்தது. "எந்த நிகழ்ச்சி? எத்தனை மணிக்கு?"

அவள் அழுதுகொண்டே ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "இந்தத் தெருவில் யாருமே இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை அம்மா!" என்று அவர் ஆசை ஆசையாக எழுதிக்கொண்டார். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி ஆள் அவர்!

"லைசென்ஸா? டிவி பார்க்க இந்த நாட்டில் லைசென்ஸே கிடையாது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தேவநேசன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"என் பேரை மட்டும் எழுதுங்கன்னு சொன்னியே. உன்ன மட்டும் ஊருக்கு அனுப்பியிருந்தா?"

"நீங்களாவது இங்க நல்லா இருப்பீங்கன்னுதான்…"

"ஏட்டி கிறுக்கி! நீ இல்லாம அந்தக் கார்டை வச்சி நான் என்னத்தப் பண்ண?"

சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரி மேலே கிடந்த ஆன்டெனாவை எடுத்துச் செருகி டிவியைப் போட்டவன், தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.