வான்யா விக்மார்க்கின் அக்கா

1948ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சுண்ட்ஸ்வால் நகரத்தில் இருபத்திரண்டு பெண்கள் நடிகை வான்யா விக்மார்க்கின் தலையை வைத்துக்கொண்டு நடமாடினார்கள். நெற்றியில் ஒரு பக்கமாகச் சரிந்து, காதை மூடி, கழுத்தருகே உள்பக்கமாகச் சுருளும் முடி. இருபத்திரண்டையும் வெட்டிச் சுருட்டிவிட்டவள் வான்யாவின் அக்கா டாக்னி. ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை.

அவளுடைய சலூனில் மூன்று நாற்காலிகள். காத்திருப்பவர்களுக்காக வாரப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அட்டையில் தங்கை சிரிப்பாள்.

"உங்க தங்கச்சிக்கும் நீங்கதான் முடி வெட்டுவீங்களா?" என்று கேட்பார்கள்.

வாயில் கொண்டை ஊசி இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. டாக்னியின் வாயில் எந்நேரமும் கொண்டை ஊசி இருந்தது.

உள்ளபடி பார்த்தால் அந்தக் குடும்பத்தில் நடிகை டாக்னிதான். மர ஆலைத் தொழிலாளர்களின் நாடகக் குழுவில் பதினேழு வயதிலிருந்து அவள்தான் கதாநாயகி. அவள் மேடையில் நின்று குரலைத் தாழ்த்தினால் கடைசி வரிசையில் இருமுபவன்கூட இருமலை அடக்கிக்கொள்வான். நான்கு வயது இளையவளான வான்யா மேடையின் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் நாடகத்துக்கும் இருந்த உறவு.

1936 கோடையில் ஸ்டாக்ஹோமிலிருந்து ஆல்ஸ்ட்ரம் என்ற டைரக்டர் வந்தார். ஆற்றில் மரம் மிதக்கவிடுகிறவர்களைப் பற்றிப் படம். உள்ளூர் முகம் ஒன்றிரண்டு வேண்டும் என்று ஒத்திகை பார்க்க வந்து உட்கார்ந்தார். டாக்னி அவருக்காக ஒரு அங்கம் முழுவதையும் நடித்துக் காட்டினாள்.

"நல்லா பண்றீங்க," என்றவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். "அங்க ஓரமா புத்தகத்தோட உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணு யாரு? கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பும்மா."

"நானா? நான் நடிக்கிறவ இல்லீங்க," என்றாள் வான்யா.

"நடிக்க வேணாம். திரும்பு, போதும்."

வான்யா திரும்பினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. ஒரு கோப்பை காப்பி குடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் தங்கை ஸ்டாக்ஹோம் போனாள். பன்னிரண்டு வருடம் வேடிக்கைப் படங்களாக நடித்தாள். குடை பிடித்துக்கொண்டு ஓடுவாள், லெப்டினன்ட் மேல் மோதுவாள், சிரிப்பாள். டாக்னி நாடகக் குழுவை விட்டுவிட்டு சலூன் திறந்தாள். ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு வந்து ஒரே ஒரு எண்ணத்தை இதமாகப் போர்த்திக்கொண்டு தூங்குவாள்: இவளுக்கு முகம் இருக்கிறது, நடிப்பு வரவில்லை. நடிப்பு என்னிடம் இருக்கிறது.

1948ல் அந்தப் போர்வையும் போயிற்று.

ஆல்ஸ்ட்ரமே எடுத்த படம். வான்யா ஒரு படகோட்டியின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு டாக்னி ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படத்தில் புருஷன் சமையலறைக்குள் வந்து, இன்னொருத்தியோடு போகப்போகிறேன் என்கிறான். மனைவி கையில் கோப்பை துடைக்கிற துண்டு. அவள் அழவில்லை. துண்டை நான்காக மடிக்கிறாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறாள். பிரிக்கிறாள். மறுபடி மடிக்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: "காப்பி ஆறிடும். குடிச்சிட்டுப் போ."

அரங்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். டாக்னிக்குக் காது இரண்டும் சுட்டன.

அது அவளுடைய துண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, மோதிரம் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்த ஹோல்கர், யேவ்லே ஊரில் வேறொருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று டாக்னி செய்தது அதேதான், துண்டும் காப்பியும் உட்பட. அப்போது அந்தச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது விடுமுறைக்கு வந்திருந்த வான்யா ஒருத்திதான்.

ஒரு பெரிய நடிகை அந்தத் துண்டிலிருந்து பிறந்தாள் என்று ஸ்டாக்ஹோம் பத்திரிகை எழுதியது. வாடிக்கையாளரான திருமதி கிரான்லுண்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "காப்பி ஆறிடும்னு சொல்லுவாளே, அந்த இடத்துல எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. இந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் எங்கேருந்து வருதோ," என்றாள். டாக்னியின் கையிலிருந்த, முடி சுருட்டும் சூட்டுக்கோல் அவள் காதைத் தொட்டுவிட்டது. தெரியாமல்தான் பட்டது என்று டாக்னி தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் சலூனைப் பூட்டிவிட்டு ரயிலேறினாள்.

ஸ்டுடியோவில் வான்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆல்ஸ்ட்ரம் எழுந்து வந்து கைகொடுத்தார். "இவங்கதானா அந்தத் துண்டு அக்கா? உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்." விளக்குப் பிடிக்கிற ஆட்கள்கூட அன்போடு சிரித்தார்கள். ஆக, தங்கை கதையை எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். ஒளித்துத் திருடியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டு டாக்னி கேட்டாள். "யாரைக் கேட்டு எடுத்தே?"

"எதை அக்கா?"

"நடிக்காதே. அது உனக்கு நல்லா வரும்னுதான் இப்ப ஊரே சொல்லுதே."

வான்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

"அன்னிக்கு நான் அழாம நின்னது அவன் முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு. டிக்கெட் வாங்கினவங்க பாக்கறதுக்கு இல்ல."

"வேற எங்க போவேன் நான்?" என்றாள் வான்யா. "எனக்கு நடந்தது எல்லாமே நல்லதாவே நடந்துடுச்சு. துக்கம்னா எப்படி இருக்கும்னு நான் கண்ணால பாத்தது உங்கிட்டதான்."

இதுவும் ஒரு பீற்றல்தான் என்று டாக்னிக்குப் பட்டது. "இனிமே என் கை, என் பேச்சு, என் நடை, ஒண்ணையும் தொடாதே. சத்தியம் பண்ணு."

வான்யா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "சரி. சத்தியம்."

அவள் சொன்னபடி நடந்துகொண்டாள் என்பதை டாக்னி இரண்டு வருடம் கழித்து, அடுத்த பெரிய படத்தில் கண்டாள். வான்யா ஒரு பாதிரியாரின் மனைவி. பிள்ளை சாகிறது. அவள் கைகளுக்குப் போக இடம் தெரியவில்லை. மேசையைத் தொட்டன, கழுத்தைத் தொட்டன, கடைசியில் மடியில் விழுந்து கிடந்தன. முகம் மட்டும் எப்போதும்போல அழகாக இருந்தது. டாக்னி இரண்டு தடவை பார்த்தாள். இரண்டாம் தடவை அரங்கத்தில் பதினோரு பேர். திரும்பி வரும்போது ஏரிக்காற்று போல மனசு லேசாக இருந்தது. 'வெறும் கூடு' என்று தலைப்பிட்டிருந்த விமர்சனத்தைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கெட்டில் கொதிக்கக் காத்திருக்கும்போது எடுத்துப் படிப்பாள்.

அடுத்த படமும் ஓடவில்லை. அதற்கடுத்து வான்யாவைக் கூப்பிடவே இல்லை. சலூனுக்கு வந்த பெண்கள் இப்போது வேறொரு முடி கேட்டார்கள், கோழிக்குஞ்சு போலக் குட்டையாக. ஊல்லா-கரின் ஸ்கூக் என்று பத்தொன்பது வயதுப் புது நடிகை ஒருத்தி வந்திருந்தாள்.

"வான்யாவுக்கு அந்த ஒரு படம்தான் வாச்சுது. நடிப்பு எங்க வருது அவளுக்கு?" என்றாள் திருமதி கிரான்லுண்ட்.

டாக்னி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். "அவளுக்கு நடிக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான். போன வருஷம், இதே நாற்காலிப் பக்கத்துல நின்னு."

"நான் சொல்லலாம்," என்றாள் டாக்னி. "நீங்க சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து அவளுக்கு இரட்டைப் பொறாமை. வான்யாமேல் இருந்தது அப்படியே இருக்க, வான்யாவுக்காக அந்தக் குட்டை முடிக்காரிமேலும் எரிந்தாள். அட்டையில் அவள் படம் வந்தால் பத்திரிகையை அடுக்கின் அடியில் செருகினாள்.

1952 ஈஸ்டருக்கு வான்யா ஒரே ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தாள். முட்டையும் ஊறுகாய் மீனும் தின்று முடித்த பிறகு சொன்னாள்.

"ஒரு வேஷம் வந்திருக்கு. ஆனா உன்னைக் கேக்காம ஒத்துக்க மாட்டேன்."

"என்ன வேஷம்?"

"அக்கா வேஷம். தங்கச்சியைப் பாத்து இருபது வருஷம் பொறாமையில வேகறவ. கடைசியில மொட்டைக் கடுதாசி எழுதி அவ கல்யாணத்தைக் கெடுக்கறா."

டாக்னி முட்டை ஓடுகளை ஒன்றாகக் குவித்தாள்.

"தங்கச்சி யாரு?" என்றாள் டாக்னி.

"ஊல்லா-கரின் ஸ்கூக்."

டாக்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீ அக்காவா?"

"முப்பத்துநாலு வயசுல. சிரி, சிரி. நல்லா சிரி," என்று வான்யாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "இதுவும் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல அக்கா."

டாக்னி எழுந்து மேசையைத் துடைத்தாள். "எழுதினவனுக்குப் பொறாமைன்னா என்னன்னு தெரியல. மொட்டைக் கடுதாசி எழுதறவ சோம்பேறி. பொறாமைக்காரி ஒண்ணும் செய்ய மாட்டா. ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் தங்கச்சி தலையை வெட்டி விடுவா. நல்லா வெட்டி விடுவா. ஒரு முடி பிசகாது."

"அப்புறம்?" என்றாள் வான்யா மெதுவாக.

அப்புறம் டாக்னி பேச ஆரம்பித்தாள். பேச்சு எப்போது நடிப்பாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அட்டைப்படத்தைப் பார்க்காததுபோலப் பார்ப்பது எப்படி என்று காட்டினாள். தங்கையைப் புகழ்கிறவர்களிடம் எந்தப் பல் தெரிகிற அளவுக்குச் சிரிக்க வேண்டும் என்று காட்டினாள். தலைகளை எண்ணியதைச் சொன்னாள், ஆறாவது வரிசையைச் சொன்னாள், காலி அரங்கத்தில் இரண்டாம் தடவை உட்கார்ந்ததைச் சொன்னாள். கடைசியில் கைப்பையைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோயிருந்த அந்த விமர்சனத்தை மேசைமேல் வைத்தாள்.

வான்யா படித்தாள். "இதையா வெச்சிருந்தே?"

"ரெண்டு வருஷமா."

வான்யாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவள் கண்கள் காகிதத்தை விட்டு அக்காவின் விரல்களுக்குப் போயின. அவை கைப்பையின் கொக்கியை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பார்த்தன. டாக்னி அதைக் கவனித்தாள். பதினாறு வருடம் கழித்து அவள் நடித்திருக்கிறாள், இதுவரை நடித்ததிலேயே நன்றாக. பார்த்தது ஒரே ஒருத்தி. அவளும் அதைக் கொண்டுபோய் இன்னோர் ஊரில் கைதட்டல் வாங்கப்போகிறவள்.

"எடுத்துக்கோ," என்றாள் டாக்னி. "ஆனா சரியா எடு. அரைகுறையாப் பண்ணினே, கொன்னுடுவேன்."

படம் மறு வருடம் வசந்தத்தில் வந்தது. வான்யா சண்டை போட்டு மொட்டைக் கடுதாசியைக் கதையிலிருந்து நீக்க வைத்திருந்தாள். பல் தெரிகிற சிரிப்பு அளவு மாறாமல் இருந்தது. அரங்கத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "இப்படியும் ஒரு அக்கா இருப்பாளா," என்று கண்ணைத் துடைத்தாள். டாக்னி, "இருப்பா," என்றாள்.

ஆனால் ஒரு காட்சியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாருமில்லாத வீட்டில் அந்த அக்கா, தங்கையின் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுக்கிறாள். கைகளை உள்ளே விட்டுப் போட்டுக்கொள்கிறாள். காலரில் முகத்தைப் புதைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். டாக்னி அப்படி எதுவும் செய்ததில்லை. சொன்னதுமில்லை.

மறுநாள் காலை சலூனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குத் தொலைபேசி போட்டாள். "அந்தக் கோட்டு எங்கேருந்து வந்துச்சு? நான் அப்படி என்னிக்குடி தரையில உக்காந்தேன்?"

"அது நீ இல்ல," என்றாள் வான்யா. "நான்."

"நீயா?"

"உன் பச்சைக் கோட்டு. நாடகம் விட்டு வந்து மாட்டுவியே. நீ தூங்கினதும் போட்டுப் பாப்பேன்."

"எத்தனை நாள்?"

"தினமும். ஆல்ஸ்ட்ரம் வர்ற வரைக்கும்."

டாக்னி நாற்காலியில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக ஒன்று பரவியது. "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா பீத்தியே என்னைக் கொன்னிருப்பே."

"கண்டிப்பா," என்றாள் டாக்னி.

வான்யாவுக்கு வேஷங்கள் திரும்பி வந்தன. கதாநாயகி இல்லை; அத்தைகள், வார்டன்கள், விதவைகள். இன்னும் இருபத்தைந்து வருடம் நடித்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அக்காவுக்குத் தொலைபேசி வரும், பாதிப் பேச்சு சண்டையாக இருக்கும்.

கோட்டுக் காட்சி வந்த அதே வருடக் கடைசியில் டாக்னி பழைய நாடகக் குழுவுக்குத் திரும்பிப்போனாள். முப்பத்தொன்பது வயதில் ஒரு விடுதிக்காரி வேஷம் கொடுத்தார்கள். முதல் காட்சிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை நான்கு வரி எழுதியது. திருமதி கிரான்லுண்ட் அதைச் சலூனில் உரக்கப் படித்தாள்: "செல்வி டாக்னி விக்மார்க் திறமையாகச் செய்கிறார். ஆனால் கையசைவிலும் பேச்சிலும் புகழ்பெற்ற தங்கையை அப்படியே பார்த்துச் செய்வதைத் தவிர்த்திருக்கலாம்."

டாக்னி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பத்திரிகையை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் காட்சியில், அதே கையசைவுகளில் ஒன்றைக்கூட விடாமல், எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் நீட்டிச் செய்தாள்.