வரப்பு வளைந்த ஒன்பது நாள்

துரைராசு மாமாவின் கண் சமாச்சாரத்தைத் தெருவுக்குச் சொன்னது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மறுக்கவில்லை. திருவையாற்றுக் கண் முகாமுக்கு மாமாவையும் அவர் மனைவி பிரகதாம்பாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு துணைக்குப் போனவள் வாயைக் கட்டிக்கொண்டா திரும்புவாள்?

மாமாவின் இடது கண் சின்ன வயதிலேயே நெல்சுணை பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணின் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். ஆரஞ்சு நிற வட்டம், நடுவில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். வயதானால் வருகிற நோயாம். படத்தை ஆராய்ந்த கம்ப்யூட்டர், இரண்டு வருஷத்துக்குள் உள்ளே ரத்தம் கசியப் பத்துக்கு ஏழு பங்கு வாய்ப்பு என்றது. டாக்டரம்மா கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்.

“தினம் காலையில இதைப் பாருங்க ஐயா. கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே தஞ்சாவூர் வந்துடுங்க. ஊசி போட்டுக் காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா கஷ்டம்.”

அந்தப் பத்துக்கு ஏழு, என் வாயிலிருந்து கடைத்தெருவுக்குப் போவதற்குள் பத்துக்குப் பத்தாகிவிட்டது. தியாகேசன் காதிலும் விழுந்தது. அதுதான் வினை.

மாமா உழுவது இரண்டு ஏக்கர் கோயில் நிலம், குத்தகை. அடுத்த வயல் தியாகேசனுடையது. இருவரும் ஒரே கொள்கை பேசுகிற இரண்டு கட்சிக்காரர்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் நடுவரப்பு ஒரு சாண் நகரும் என்பது ஊர்ப்பேச்சு. இது குத்தகையைப் புதுப்பிக்கிற வருஷம் வேறு. உழுகிறவருக்குக் கண் தெரியவில்லை என்று தியாகேசன் ஒரு மனு போட்டால் நிலம் போய்விடும் என்று மாமா பயந்தார். கட்டத்தாளை மடித்துப் பரணில் எறிந்தார்.

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, சாவித்திரி. ஊர் வாய்க்குத்தான் வைத்தியம் பாக்கணும்” என்று என்னிடமே சொன்னார்.

ஐப்பசியில் நடவு முடிந்து ஒரு காலை, வயலிலிருந்து மூச்சிரைக்க வந்தார்.

“வரப்பை வெட்டிட்டான். நடுவுல புள்ளத்தாச்சி வயிறாட்டம் நம்ம பக்கம் தள்ளிக்கிட்டு நிக்குது.”

வரப்பை அளக்கச் சொல்லி அன்றே தியாகேசன் மேல் மனு எழுதிக் கொடுத்தார். சோறு இறங்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை வயலுக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் வரப்பு இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தது. அத்தை எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்குமாக அலைந்தார்.

ஒன்பதாம் நாள் சர்வேயர் காதர் மைதீன் வந்தார். தெருவே வரப்பில் நின்றது. நான் முன்வரிசை.

“கல்லுக்குக் கல் நூல் புடிச்ச மாதிரி இருக்குங்க ஐயா.”

மாமா குனிந்து பார்த்தார். “உங்க சங்கிலியே கோணலா கெடக்கே.”

“சங்கிலியும் எங்க கட்சிதாங்க” என்றான் தியாகேசன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதியில் நிறுத்தினேன். பரணில் கிடக்கிற கட்டத்தாள் ஞாபகம் வந்துவிட்டது.

“மாமா, அந்தக் கரண்டு போஸ்ட் மரத்தைப் பாருங்க. எப்படி இருக்கு?”

நிறைய நேரம் பார்த்தார். “வளைஞ்சு நிக்குது.”

“அதையும் தியாகேசன்தான் வளைச்சாரா?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அத்தை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தியாகேசன் போய்க் கட்சிக்கொடி கட்டிய பைக்கைக் கொண்டுவந்தான்.

“ஏறுங்க.”

“கண்ணு போச்சுன்னு எழுதிக் குடுக்கத்தானே கூட்டிட்டுப் போற?”

“குத்தகையை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஏறுங்க.”

நானும் அத்தையும் பஸ்ஸில் பின்னாலேயே தஞ்சாவூர் போனோம். எத்தனை நாளாக வளைந்து தெரிகிறது என்று டாக்டரம்மா கேட்டார். மாமா சட்டைப்பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து நீட்டினார்.

“தேதி அதுல இருக்கும்மா.”

டாக்டரம்மா மனுவைப் படித்தார். அப்புறம் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அன்றே முதல் ஊசி.

தை மாதம் மூன்றாவது ஊசி முடிந்தது. குத்தகையும் அவர் பெயரிலேயே இருந்தது. தியாகேசன் கடைசிவரை மனு போடவில்லை. கட்டத்தாள் இப்போது பரணில் இல்லை, மாமா வீட்டு வாசல் சுவரில், தெருவே பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்கிறது. நேற்றுக் காலை மாமா அதன் முன்னால் நின்றிருந்தார்.

“வரப்பு எப்படி மாமா?”

“முக்காவாசி நிமிந்துடுச்சு.”

“மிச்சம்?”

“அது அவ்வளவுதானாம். ஒம்பது நாள் போனது போனதுதான்னு அந்தம்மா சொல்லிட்டாங்க.”

பேச்சை மாற்றினேன். “மனுவை வாபஸ் வாங்கிட்டீங்கள்ல?” என்றேன்.

“கால்வாசிக்கு இருக்கட்டும்” என்று தாளைப் பார்த்தபடியே சொன்னார்.