இரண்டாவது கடிவாளம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்ததல்ல. சட்டையின் கையைக் குறைக்கப் போன இடத்தில் கிடைத்தது. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் தையல்காரம்மா ஊசியை என் பக்கம் நீட்டினார்.

"எழுதுங்க சார். ஆனா என்னைப் பாவமா எழுதினீங்க, சட்டை திரும்பி வராது."

என்னிடம் இருப்பதே இரண்டு நல்ல சட்டை.

2

முதல் தொடக்கம்: 'விபத்தில் கால்களை இழந்த அந்த அபலையின் கண்களில்...'

[அடித்துவிட்டேன். சட்டை ஞாபகம் வந்தது.]

இரண்டாவது: 'குதிரை வண்டி ஓட்டினால் முதுகு நிமிரும், தோள் வலுப்படும், மனம்...'

[அத்தனையும் உண்மை. ஆனால் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த தாள் மாதிரி இருக்கிறது.]

அவர் வாயாலேயே தொடங்கட்டும்: "நாலு வருஷமா சக்கர நாற்காலியில உக்காந்து எல்லாரோட இடுப்பையும் பார்த்துப் பேசினேன் சார். குதிரை வண்டியில ஏறின அன்னைக்குத்தான் எங்க அண்ணனுக்கு உச்சியில வழுக்கைன்னே தெரிஞ்சுது."

3

அந்த அண்ணன்தான் சிக்கல். தங்கமான மனிதர், ஆனால் புளுகர். சாய்தளத்தில் நாற்காலியைப் பின்னாலிருந்து நைசாகத் தள்ளிவிட்டு, "பாத்தியா, நீயே ஏறிட்ட!" என்பார். தான் செய்தது எது, பிறர் செய்துகொடுத்தது எது என்றே தையல்காரம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று.

மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரை வண்டி ஓட்டக் கற்றுத்தரும் மைதானத்தில் சேர்ந்தபோதும் அதே சந்தேகம். வண்டியில் நாற்காலியோடு ஏற்றிப் பட்டைகளால் இறுக்கிவிடுவார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் உட்காருவார். ஆபத்தென்றால் இழுத்துப் பிடிக்க அவர் கையிலும் ஒரு கடிவாளம் இருக்கும். எட்டு வாரமாக எல்லோரும் 'பிரமாதம்' என்றார்கள். ஓட்டியது யார்?

வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டிய தேர்வு நாளன்று கேட்டேவிட்டார்.

"டீச்சர், நிஜத்தைச் சொல்லுங்க. நீங்க இழுக்கவே இல்லையா?"

"இல்லக்கா, சத்தியமா!"

"எங்க அண்ணனும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாரு."

பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். பயிற்சியாளரின் கடிவாளம் தொய்ந்திருந்த இடத்தை மடித்து, ஒற்றை இழையால் ஒரு முடிச்சு போட்டார். "ஆபத்துன்னா தாராளமா இழுங்க. பட்டுனு அறுந்துடும். ஆனா இழுத்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

4

[இங்கே குதிரையை மிரள வைக்க எனக்குக் கை அரித்தது. இடி மின்னல்கூட எழுதிப் பார்த்தேன். அன்றைக்குச் சுள்ளென்று வெயிலாம். அடித்துவிட்டேன்.]

அந்தக் குதிரைக்குப் 'பெரிய மனுஷி' என்று பெயர் வைத்தவரும் தையல்காரம்மாதான். யாருக்காகவும் அவசரப்படாது. மைதானத்தில் நிறுத்திய கூம்புகளுக்கு நடுவே மூன்று முறை ஒழுங்காகப் புகுந்தது. நான்காவதில், குழாய்த் தண்ணீர் தேங்கிய குட்டையைப் பார்த்துவிட்டு வேலியோரப் புல் பக்கம் திரும்பியது. சக்கரம் கூம்பை நோக்கி நகர்ந்தது.

"டீச்சர், புடிங்க!" வெளியிலிருந்து அண்ணன் அலறினார்.

பயிற்சியாளரின் கை எழுந்தது. மறைப்பானேன், இதை எழுதிக்கொண்டிருந்த என் கையும்தான்.

"கையை மடியில வைங்க டீச்சர்!"

தைக்கும்போது துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி முறியும். அது அவருக்குத் தெரிந்த வேலை. கடிவாளத்தின் வலது வாரை விரல் அகலம் விட்டுக்கொடுத்தார். இடதை மெல்ல வாங்கினார்.

"நடம்மா, பெரிய மனுஷி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

குதிரை காதைத் திருப்பியது, யோசித்தது, குட்டையை மிதித்துக்கொண்டு நடந்தது. கூம்பின் மேல் வைத்திருந்த பந்துகூட அசையவில்லை.

5

நூல் அறுந்திருக்கவில்லை.

அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பாத்தியா, நீயே..." என்றபடி நூல் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் அண்ணா நீ உண்மை பேசியிருக்கே!" என்று சொல்லிவிட்டு, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி தையல்காரம்மா சிரித்தார். இதை எழுதும்போது எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

[அந்த நூலைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறார். நான் பார்த்தேன். சட்டையும் கைக்கு வந்துவிட்டது. அளவு கச்சிதம்.]

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் கதைக்குள் அவர் வண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறார். கூம்பெல்லாம் வேண்டாமாம், வாசலைத் தாண்டித் தெருவுக்கே போகணுமாம். பயிற்சியாளர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். பக்கத்து இருக்கை காலி.

ஏறி உட்காருங்கள். இந்தாருங்கள், இரண்டாவது கடிவாளம். புது இழை கட்டியாகிவிட்டது. எங்கே திரும்புவார் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. குதிரை நகர்ந்துவிட்டது.

கையை மடியில் வையுங்கள்.