எமன் கேட்ட துண்டு

பெரிய கங்காணி மயில்வாகனத்தின் தாயார் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கண்ணை மூடினார். நல்ல மனுஷி. அவர் வயிற்றில் போய் அப்படியொரு பிள்ளை.

கொழுந்து பறிக்கும்போது மலையில் யாரும் பாடக்கூடாது என்று உத்தரவு போட்டவர் அந்தப் பிள்ளைதான். காரணம் ராமாமிர்தம். எனக்கு அடுத்த நிரையில் பறிப்பவள். கார்த்திகையில் ஒரு நாள், கங்காணி பின்னால் நிற்பது தெரியாமல் பாடிவிட்டாள். தெரியாமல் என்று அவள்தான் சொன்னாள். நான் நம்பவில்லை.

"தலப்பா பெருசாச்சு – அதுக்குள்ள
தலயத்தான் காணலயே!"

மலையே சிரித்தது. பாட்டுக்குத் தடை எல்லாருக்கும், தண்டனை அவளுக்கு மட்டும். ஆவணியில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் லிங்கம் பெரகலைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறான். அங்கே அவள் பேர் பதிய வேண்டுமானால், இங்கிருந்து விடுவித்ததாக ஒரு சீட்டு வேண்டும். துண்டு என்போம். அது இல்லாமல் கிளம்பினால் பதுளை ஜெயிலில் மறியல்தான். கங்காணி தலையாட்டினால்தான் துரை கையெழுத்துப் போடுவார். இவரோ, "எம் மூச்சு இருக்கிற வரைக்கும் ஒனக்குத் துண்டு கெடையாது" என்றுவிட்டார். கட்டின புருஷனோடு வாழ இன்னொருவன் தலையாட்ட வேண்டுமாம்! எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

இப்போது சாவு வீடு. பத்துத் தோட்டத்துக் கங்காணிமார் வருகிறார்கள். ஒப்பாரி எடுப்பாக இருக்க வேண்டாமா? எங்கள் மடுல்சீமையில் ராமாமிர்தத்தை விட்டால் தொண்டை ஏது? வாயை அடைத்தவரே ஆள் அனுப்பினார். "வந்து நல்லாப் பாடச் சொல்லு."

"நல்லாத்தாங்க பாடுவேன்" என்றாள் அவள். அவள் சொன்ன தினுசைக் கேட்டு, நான் அவள் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டேன்.

ஒப்பாரிக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. எடுத்தவள்தான் முடிக்க வேண்டும். அதற்குமுன் பாடையைத் தூக்கினால் போன உயிர் வாசலிலேயே நிற்கும். இது லயத்து வீடுகளில் இருக்கிற எங்களுக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும்.

பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்தோம். அவள் எடுத்தாள்.

"மதுரைச் சீமையிலே – என்னப் பெத்த அம்மா
மகராசியாப் பொறந்தவளே
மடுல்சீமை மண்ணுக்குள்ள – என்னப் பெத்த அம்மா
மண்ணாகப் போறீகளே!"

கங்காணி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தார். அடுத்த அடி வந்தது.

"தோட்டம் விட்டுப் போறீகளே – என்னப் பெத்த அம்மா
துண்டு யாரு குடுத்தாக?
துண்டில்லாம வந்தவள – அந்த எமன்
தொரத்தி விட்டா என்ன செய்வீக?"

ஊவாக்கரைத் தோட்டத்துக் கங்காணிக்கு வெற்றிலை புரையேறியது. தப்படிக்கிறவர்கள் குனிந்துகொண்டார்கள். மயில்வாகனம் அருகில் வந்து பல்லைக் கடித்தார். "ஏ புள்ள, பாட்ட முடி."

"முடிக்கத்தான் பாக்குறேனே – என்னப் பெத்த அம்மா
முடியலையே என்ன செய்வேன்?
ஒம்மவன் யாருக்குத் தரலயோ – அவளுக்குத்
தந்தாத்தான் வழியிங்கிறான்!"

"நாளைக்குத் தர்றேன், முடிச்சுத் தொல."

"நாளைக்கு வா தாயேன்னு – என்னப் பெத்த அம்மா
நமனும் சொல்லிப்புட்டான்!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினேன். பார்த்தவர்கள் பாவம், எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊவாக்கரைக் கங்காணி எழுந்தார். "அண்ணே, ஆத்தா வாசல்ல நிக்குது. குடுத்துருங்க."

மயில்வாகனம் தாயின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

தலையாட்டினார். கையெழுத்து வாங்கக் கணக்கப்பிள்ளை துரை பங்களாவுக்கு ஓடினார். அவர் திரும்பும்வரை ராமாமிர்தம் கேலியை விட்டுவிட்டாள். காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் மகனுக்குத் தெரியாமல் கஞ்சி அனுப்பிய அந்தத் தாயின் கையைப் பாடினாள். அந்தக் கஞ்சியை நானும் குடித்திருக்கிறேன். அப்போது அழுதது நடிப்பில்லை.

காகிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஊவாக்கரைக் கங்காணியிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கதவு தெறந்திருச்சு – என்னப் பெத்த அம்மா
காலெடுத்து வையுங்கம்மா!"

பாடை எழுந்தது.

மறுநாள் காலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வளைவு வரைக்கும் கூடப் போனேன். அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன். என் அக்கா ஆறு வருஷமாகப் பண்டாரவளைப் பக்கம் இருக்கிறாள். எனக்கும் துண்டு கிடையாது.

இந்த வாரம் கங்காணியின் மாமனார் விடாமல் இருமுகிறாராம். கிழவர் நூறு வயது இருக்கட்டும், எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் எங்கள் லயத்தில் துண்டு கிடைக்காத ஆறு பெண்கள் இஞ்சிச்சாறு குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம்.