ஏழாவது அடி

ஒரு தம்பியின் விலை இருபதாயிரம். அதுவும் நாற்பது சொன்னதைப் பேரம் பேசிப் பாதியாக்கியது.

பாதியாக்கியவருக்குக் கடைத்தெருவில் ‘பாதி’ என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வரி ரசீதில் மட்டும் வரும். கீல், தாழ்ப்பாள், திருகாணி விற்கிற கடை. விற்கும்போது முழு விலை, வாங்கும்போது பாதி விலை. பல் டாக்டர் கட்டணம் சொன்னபோது, “இது ஒரு பல்லுக்கா, மொத்த வாய்க்குமா?” என்று கேட்டு நாற்காலியை விட்டு எழுந்து நடந்தவர்.

நடந்தது சும்மா இல்லை. அது குடும்ப வித்தை. விலை படியாமல் ஒருவன் திரும்பி நடந்தால் உடனே கூப்பிடாதே, அவன் அடியை எண்ணு என்பது அவருடைய அப்பாவின் சட்டம். மூன்றில் கூப்பிட்டால் நீ ஏமாளி. பத்தில் கூப்பிட்டால் அவன் அடுத்த கடை வாசலில். ஏழாவது அடியில் எவன் காலும் கொஞ்சம் தயங்கும், அப்போது கூப்பிடு. பிள்ளைகள் இருவருக்கும் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். மேஜையிலிருந்து வாசற்படிக்குச் சரியாகப் பத்து அடி வருகிற மாதிரிதான் கடையே கட்டியிருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மேகம் மூடிய ஒரு காலையில், தம்பி அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கூட்டு வியாபாரம், கல்லாச் சாவி அண்ணனிடம். தம்பிக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு பழைய சாம்பல் நிறக் கார். நாலு கதவு வைத்த குடும்பக் கார்தான். ஆனால் மிதித்தால் குடும்பத்தை மறந்துவிடும்.

“அண்ணா, டயர் நாலும் வழுக்கை. நாற்பதாயிரம் வேணும்.”

“பாதி தரேன். ரெண்டு மாத்து. மீதி ரெண்டு அடுத்த மாசம்.”

தம்பி சிரித்தான். திரும்பி நடந்தான். அண்ணன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எண்ணினார். ஏழில் கால் நின்றது. நன்றாகவே நின்றது. கூப்பிட்டால் நாற்பது, அவனாகத் திரும்பினால் இருபது. அவர் காத்திருந்தார். அவனும் காத்திருந்தான். இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். பிறகு எட்டு, ஒன்பது, பத்து.

மத்தியானம் மழை பிடித்தது. ஒரு வளைவில் சாம்பல் நிறக் கார் சாலையைக் கைவிட்டது.

மழையில் வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. தம்பி மனைவியும் அதையே நம்பினாள். பாதி யாரிடமும் எதையும் திருத்திச் சொல்லவில்லை. ஆனால் கடை அவரைத் திருத்த ஆரம்பித்தது. ஆளில்லாத வேளையில், அவர் பேரேட்டைத் திறந்ததும், மேஜை முன்னாலிருந்து காலடி புறப்படும். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நிற்கும். எட்டு வராது. அதுதான் கொடுமை. போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே இருக்கும். ஒருமுறை மேஜையை மூன்று அடி தள்ளிப் போட்டுப் பார்த்தார். காலடியும் தன் கணக்கைத் திருத்திக்கொண்டு, புது ஏழில் போய் நின்றது.

இப்போது தம்பி மகளுக்கு இருபத்துமூன்று. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேலை இடம் தூரம், பேருந்து இரண்டு மாற வேண்டும். சொந்தச் சேமிப்பு நாலு லட்சம். அதற்குள் ஒரு கார்.

“சின்ன வண்டியா, சிக்கனமா ஒண்ணு வாங்கேன் பாப்பா” என்றார் பாதி.

“சின்ன வண்டி வேணாம் பெரியப்பா. அப்பா வண்டி மாதிரி. மூணாவது கியர் போட்டு மிதிப்பாரு பாருங்க, யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும். அது வேணும்.”

“அந்த மாதிரி வண்டி யானை விலை குதிரை விலை சொல்லுவான்.”

“அதுக்குத்தானே உங்களைக் கூப்பிடறேன். யானையைப் பாதி விலைக்கு வாங்கிக் குடுங்க.”

அவர் போயிருக்கக் கூடாது. ஆனால் வேறு யாராவது போனால் டயரைப் பார்ப்பார்களா? தம்பி போன பிறகு அவர் டயரைப் பற்றிப் படிக்காததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவரும் செய்து பார்த்தார்.

முதல் வண்டி சிவப்பு. பின்னால் இறக்கை வேறு. உள்ளே ஏறினால் ரோஜா சென்ட் மூக்கில் அறைந்தது. அவள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தாள். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழம் செம்மண் நிறம்.

“வெள்ளத்துல குளிச்ச வண்டி” என்றாள்.

“குளிச்சா சுத்தம்தானே மேடம்” என்றார் விற்கிறவர்.

இரண்டாவது வெள்ளி நிறம். ஒரே ஓனர், ஒரு கீறல் இல்லை என்றார்கள். வாஸ்தவம், கீறலே இல்லை, ஏனென்றால் இடது பக்கம் முழுக்கப் புதுப் பெயின்ட். கதவு ரப்பரிலும் தெறித்திருந்தது. பாதி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “அவசரத்துல சாயம் பூசிட்டு வந்த மாப்பிள்ளை, காதுல ஒட்டிக்கிட்டிருக்கு” என்றார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியே பார்த்து, மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி வந்தார்கள்.

மூன்றாவது இடம் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. தரகர் பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறவர். கருநீலக் கார், ஆறு கியர், கண் டாக்டர் ஒருவர் ஓட்டியது. அவள் முதலில் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. முன்னதாகவே சூடாக்கி நோயை மறைக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். தயங்காமல் பிடித்தது. ஓட்டிப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது கியரில் அவள் மிதித்தாள்.

பாதியின் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

“இதுதான்!” என்று அவள் கத்தினாள். அவர் முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் இருவரும் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வியாபார முகத்தை மாட்டிக்கொண்டார்கள்.

“நாலே கால்” என்றார் தரகர்.

“ரெண்டு சொச்சம்” என்றார் பாதி.

“அண்ணே, ரெண்டு சொச்சத்துக்கு இதோட ஹாரன்தான் வரும்.”

“அதைக் கழட்டிக் குடு, எடுத்துட்டுப் போறேன்.”

அரை மணி நேரம் போனது. தரகர் மூன்று தொண்ணூறில் வந்து நின்றார், இவர்கள் மூன்று எழுபதில். வண்டிப் பத்திரத்தில் பெயர் மாற்ற, காப்பீடு கட்ட இருபதாயிரம் ஆகும். மூன்று எண்பதைத் தாண்டினால் அவள் கையில் ஒன்றுமில்லை. அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து திரும்பி நடந்தார்கள்.

அவர் எண்ணினார். சரளைக்கல்லில் அவர் காலடி ஒன்று, அவள் காலடி ஒன்று. அப்புறம் இன்னொன்று. நிழல்கள் இரண்டுதான், அடிகள் மூன்று ஜோடி.

ஏழாவதில், “சரி, மூணு எண்பது! ஆளை விடுங்க!” என்று தரகர் கூப்பிட்டார்.

அவள் அவர் கையைக் கிள்ளினாள். “தாத்தா கணக்கு தப்பலை பாத்தீங்களா!”

பணம் கை மாறியது. தரகர் ரசீது எழுதப் போனார். அப்போதுதான் பாதி குனிந்து டயரைப் பார்த்தார். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். முதுகில் பட்ட கை அதை மறக்கடித்திருந்தது. சாலையைப் பிடிக்கிற பட்டன்கள் தேயாமல், பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருஷம், டயர் பிறந்த தேதி. நாலு டயரும் பத்து வருஷத்துக்கு முன்னால் பிறந்தவை. கண் டாக்டர் அதிகம் ஓட்டவில்லை, டயர் நின்ற இடத்திலேயே கிழடாகியிருந்தது. ரப்பரை விரலால் அழுத்தினார். உலர்ந்த உதடு போல வெடிப்பு விட்டது. எழுந்து கொட்டகைக்குள் அவளிடம் வந்தார்.

“பாப்பா, இந்த டயரோட எடுக்காதே. நாலும் மாத்தணும்.”

“எவ்வளவு ஆகும்?”

“அறுபது.”

அவள் சிரித்துவிட்டாள். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? பட்டன் நல்லாத்தானே இருக்கு. மூணு மாசம் ஓட்டிட்டு மாத்திக்கறேன்.”

“நான் தரேன்.”

“நீங்களா?” அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் இல்லையே. வேணாம் பெரியப்பா. என் வண்டி, என் காசு. இதுல யாரு கையும் படக் கூடாதுன்னுதான் நாலு வருஷம் சேத்தேன்.”

“கடனா வெச்சுக்கோ.”

“அப்படின்னா பாதி. முப்பது குடுங்க, ரெண்டு டயர் மாத்தறேன். மீதி ரெண்டு அப்புறம்.”

“நாலும்” என்றார்.

“ரெண்டு.”

“நாலும் பாப்பா.”

“படியலையா? அப்ப நான் கிளம்பறேன்.”

கண்ணில் குறும்புடன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். விளையாட்டுதான். குடும்ப விளையாட்டு. கொட்டகைக்கு வெளியே நின்ற கருநீலக் காரை நோக்கிச் சரளைக்கல்லில் நடந்தாள். அதற்குள் வானம் மூடியிருந்தது. ஒன்று. இரண்டு. அவளுடைய அடிக்குள்ளேயே கனமான இன்னொரு அடி விழுந்தது, பன்னிரண்டு வருஷமாக அவர் கேட்டுப் பழகிய அடி. ஐந்து. ஆறு.

ஏழில் இரண்டும் நின்றன.

இதுவரை அவர் கேட்டதுதான் உண்டு, பார்த்ததில்லை. அன்று தலையைத் தூக்கவில்லை. இன்று தூக்கினார். நின்ற முதுகு ஒன்றுதான். ஆனால் தோள் ஒரு பக்கம் சரிந்து, காது பின்னால் தீட்டப்பட்டு, கூப்பிடேன், கூப்பிடேன் என்று முதுகே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நிற்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

“தம்பீ!” என்று கத்தினார்.

தரகர் வாயிலிருந்த பல்குச்சி கீழே விழுகிற அளவுக்குச் சத்தம். அவள் திரும்பினாள். முகத்தில் குறும்பு போயிருந்தது.

“யாரைக் கூப்பிட்டீங்க?”

அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். சொன்னார். பேரம் பேசாமல், விலை கூட்டாமல் குறைக்காமல், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விஷயத்தைச் சொன்ன விலைக்கே சொன்னார். நாற்பது கேட்டது, இருபது சொன்னது, ஏழில் நின்றது, எட்டில் போனது.

அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

“நல்லா நின்னாரா? இல்ல, நடந்துட்டே தயங்கினாரா?”

“நின்னான்.”

“உங்களுக்குக் கேட்டுச்சு, கூப்பிடலை.”

“கூப்பிடலை.”

“அம்மா, மழைதான்னு சொல்லிட்டிருக்கா. இன்னிக்கும் மழை வந்தா ஜன்னலைச் சாத்திட்டு மழையைத் திட்டறா.” அவள் குரல் ஏறவில்லை. பரிசோதனை முடிவை வாசிக்கிற குரல். “எழுந்திருங்க. டயர் கடை எங்க இருக்கு?”

டயர் கடை அடுத்த தெருதான். பழைய டயரிலேயே, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிப் போனாள். அவரைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னாள். அவர் ஓரமாக ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார். நாலு டயரும் கழன்று விழுந்தன, நாலு புதுசு ஏறின. அவர் அறுபதாயிரத்தை எண்ணினார். எந்தக் கடையிலும் இப்படி எண்ணியதில்லை, ஒரு பைசா கேட்டுக் குறைக்கவில்லை.

“முழுசும் என்னோடது பாப்பா” என்றார். “திருப்பித் தர வேணாம். இது ஒண்ணாவது முழு விலை குடுக்கறேன். விடு.”

“அதெப்படி விடறது?” என்றாள். “முழுசா வாங்கிக்கிட்டா உங்க கணக்கு தீந்து போயிடும். அப்புறம் நிம்மதியாத் தூங்குவீங்க. பாதிதான் வாங்குவேன். மீதி முப்பது என் கடன். மாசம் அஞ்சு, ஆறு மாசம். நானே கடைக்கு வந்து மேஜை மேல வெப்பேன். எண்ணி வாங்கிக்கணும்.”

“சரி.”

“வெச்சுட்டுத் திரும்பி நடப்பேன். வாசல் வரைக்கும் பத்து அடி. ஏழுல நிப்பேன். கூப்பிடறதா வேணாமான்னு நீங்க யோசிங்க. திரும்பறதா வேணாமான்னு நான் யோசிக்கறேன்.”

வண்டி கிளம்பியது. தெருமுனை வரை மெதுவாகப் போய், மூன்றாவது கியரில் ஒரு மூச்சு விட்டு மறைந்தது. முதல் தூறல் விழுந்தது. புது டயர்த் தடம் சாலையில் நேராக, திடமாக, நனைந்துகொண்டே போனது. பாதி அவளைத் தெருமுனை வளைவுவரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வாழ்நாளெல்லாம் பாதி விலை கேட்ட ஆளை ஒருத்தி பாதி விலையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். டயர் ரசீதின் பின்பக்கம் அவர் பழக்கதோஷத்தில் எழுத ஆரம்பித்தார்.

வண்டி, மூன்று லட்சத்து எண்பதாயிரம். தீர்ந்தது.

பத்திரம், காப்பீடு, இருபதாயிரம். தீர்ந்தது.

டயர் நாலு, அறுபதாயிரம். என் பங்கு முப்பது, தீர்ந்தது. அவள் பங்கு முப்பது, ஆறு தவணை.

தம்பி. கேட்டது நாற்பது, சொன்னது இருபது, கொடுத்தது சைபர். பாக்கி.